இருப்பதற்கு இரண்டு சொற்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் கூடத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். இந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் நாகர்கோவில் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள், கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, எங்கம்மாவுக்கு விசிட்டர் விசா போடப் போறேன். லெட்டர் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க இங்க ரொம்ப வருசமா இருக்கீங்கல்லா.”

வாசித்தேன். மூன்றாவது வரியில், அம்மா என்னோடு மூன்று மாதம் ‘லிவ்’ பண்ண விரும்புகிறார் என்று எழுதியிருந்தாள். கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டேன்.

“இதை மாத்திரும்மா. ‘ஸ்டே’ன்னு போடு. இல்லாட்டி ‘விசிட்’னு போடு.”

“ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?”

ஒன்றில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தபடி தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போனாள். ஏன் ஒன்றில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்காவது எழுதிவிடலாம் என்று தோன்றியது. உங்களில் சிலருடைய பிள்ளைகளும் இந்த மாதிரி ஊர்களில் இருப்பார்கள். நாளைக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுத வேண்டி வரலாம்.

2

என் அப்பா பெயர் தனராஜ். ராஜபாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் ஆங்கில ஆசிரியர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் போய்விட்டு மாலையில் திரும்புவார். பஸ்ஸில் நின்றுகொண்டே பரீட்சைத் தாள் திருத்துவார் என்று கண்டக்டர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘ரெட்டைவார்த்தை சார்’ என்று பெயர். கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்குள் தினமும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதிப் போடுவார். பார்க்க ஒன்று போல இருக்கும், பொருள் வேறாக இருக்கும். ஹியர், லிசன். ஹவுஸ், ஹோம். அன்றைய பாடம் எதுவாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் அந்த இரண்டு சொற்களுக்குத்தான்.

ஷேட், ஷேடோ என்று எழுதிப்போட்ட நாளில் வகுப்பு முழுவதையும் வெளியே வாகை மரத்தடிக்கு அழைத்துப் போனாராம். “நீங்க நிக்கிற எடம் ஷேட். உங்க காலடியில ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, அது ஷேடோ. தமிழுக்கு ரெண்டும் நிழல்தான்.” தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “எங்க வீட்டுலயும் ரெண்டுக்கும் நீடதான் சார்” என்றிருக்கிறாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவிடம் இதை இரண்டு தடவை சொன்னார். அம்மா, “ரசம் ஊத்தவா, வேணாமா?” என்று கேட்டார்.

ஆங்கிலம் பற்றி எனக்கு இருந்த தைரியம் எல்லாம் அவரிடமிருந்து வந்தது. அவர் மகள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் இந்த டெர்பியில் வந்து இறங்கினேன்.

3

இங்கே நான் ஒரு தொடக்கப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறேன். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. என் கணவர் சாமுவேல் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகள் பெனிட்டா, பதினேழு வயது.

வந்த புதிதில் கூட வேலை செய்பவளிடம், “எங்கே ஸ்டே பண்ணுகிறாய்?” என்று கேட்டேன். நம் ஊரில் அப்படித்தானே கேட்போம். அவள் புருவத்தை உயர்த்தி, “நான் என்ன சுற்றுலாவா வந்திருக்கிறேன்? இங்கேயேதான் பிறந்தேன்” என்றாள். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. எட்டு வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தபோது, விடுப்புக் கேட்க மேலாளரிடம் ஓடினேன். “மை மதர் எக்ஸ்பயர்ட்” என்றேன். நம் ஊரில் அது மரியாதையான சொல். இரங்கல் போஸ்டரில்கூட அச்சடிப்பார்கள். அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவர் கையில் பால் டப்பாக்களின் தேதியைச் சரிபார்க்கிற பட்டியல் இருந்தது. “எது எக்ஸ்பயர் ஆயிற்று?” என்று கேட்டார். என் அம்மா என்று திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சொல் பாலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான். அவர் பிறகு என்னைக் கட்டிக்கொண்டார், பலமுறை மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு கணத்தை அவராலும் அழிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

பெனிட்டா அப்போது சிறு பிள்ளை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கடிதம், மருத்துவருக்கு எழுதும் கடிதம் எல்லாவற்றையும் அவள் பார்த்த பிறகே அனுப்புவேன். என் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். அவள் ஆங்கிலம் எனக்கு முக்கால்தான் புரியும். இடையில் இருக்கிறதை வைத்துக்கொண்டு குடித்தனம் நடக்கிறது.

4

அம்மா போன பிறகு அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனியாக இருந்தார். இங்கே வாருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அவராகவே போனில் சொன்னார்.

“ஏட்டி எஸ்தர், எனக்கு உன் ஊரைப் பாக்கணும்.”

“என்னப்பா திடீர்னு?”

“திடீர்னு என்ன? உன் வீட்டைப் பாக்கணும். பெனிட்டா வளந்துட்டாள்லா, அவ மொகத்தை நேர்ல பாக்கணும். மூணு மாசம் இருந்துட்டு வாரேன்.”

‘பாக்கணும்’ என்று மூன்று தடவை சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை.

விண்ணப்பத்தை நான் இணையத்தில் நிரப்பினேன். கூடவே ஒரு கடிதம் வைக்க வேண்டும், எதற்காக வருகிறார் என்று. நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் லெட்டரை நான் எழுதுதேன். எம்புட்டுப் பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன், எனக்கு நீ எழுதித் தருவியாக்கும்?”

இரண்டு நாளில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோடு போட்டது போல எழுதுகிற மனிதர். அந்தக் கடிதத்தில் வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கியிருந்தன. இரண்டு இடத்தில் ஒரு வரி இன்னொரு வரியின்மேல் ஏறியிருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெனிட்டா என் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்தாள்.

“அம்மா, தாத்தா ‘ஐ விஷ் டு லிவ் வித் மை டாட்டர்’னு எழுதியிருக்காங்க. ‘ஸ்டே’ன்னு மாத்தச் சொல்லுங்க.”

“மூணு மாசம்னு போட்டிருக்குல்ல?”

“போட்டிருக்கு. ஆனா இது வந்து... வேற மாதிரி கேக்குது. வந்தா போக மாட்டாங்க மாதிரி.”

மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறேன் என்று அதற்கு முந்தின வரியில் எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் எப்படித் தொனிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அப்பாவைப் போனில் கூப்பிட்டு, உங்கள் ஆங்கிலத்தில் தப்பு இருக்கிறதாம், உங்கள் பேத்தி சொல்கிறாள் என்று எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

“நீ பொறக்கிறதுக்கு முன்னாலேயே தாத்தா இங்கிலீஷ் வாத்தியார்” என்று அவளிடம் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

அப்பா ரயிலேறிச் சென்னைக்குப் போய், கைரேகை கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினார். போகும்போதும் வரும்போதும் தனியாகவே போய் வந்திருக்கிறார்.

5

ஐந்தாவது வாரம் முடிவு வந்தது. சமையலறையில் உருளைக்கிழங்கு வேகப் போட்டுவிட்டு, சாமான் அறைக்குள் போய் மின்னஞ்சலைத் திறந்தேன். ஒரு பக்கக் கடிதம். மரியாதைக்குக் குறைவில்லாத நடை. மனைவி இறந்த பிறகு இந்தியாவில் தனியாக இருப்பதாகவும், மகளோடு ‘லிவ்’ பண்ண விரும்புவதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, வருகை முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அப்பாவின் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மாலையில் அப்பாவிடம் பொய் சொன்னேன். “பேங்க் பேப்பர் ஏதோ சரியில்லையாம்ப்பா. திரும்பப் போடலாம்.”

“அப்படியா? சரி, சரி” என்றார்.

நான் மறந்துபோனது ஒன்று. பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பும்போது அந்தக் கடிதத்தின் அச்சுப் பிரதியையும் அவருக்கு அனுப்புவார்கள்.

நான்கு நாள் கழித்து எனக்கு ஒரு போன். காஜா மைதீன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ராஜபாளையத்தில் அப்பாவிடம் படித்தவர், அப்பாவுக்கு ஏதாவது உதவி என்றால் வந்து நிற்பவர்.

“எஸ்தரக்கா, சார் இப்பத்தான் கடைக்கு வந்துட்டுப் போறாக. ஒரு கவரைக் குடுத்து, இதைச் செத்த வாசிடான்னாக. இங்கிலீஷ் லெட்டரு. சாரே வாசிக்கலாமேன்னு நெனச்சேன். நான் தட்டுத் தடுமாறி வாசிச்சேன்க்கா. சாரு எழுதுன வரி அதுல வந்துச்சு. ‘அதை இன்னொருக்க வாசி’ன்னாக. வாசிச்சேன். கவரை வாங்கிட்டுப் போயிட்டாக.”

“கண்ணாடி கொண்டு வரலையா?”

“அக்கா, உங்களுக்குத் தெரியாதா? சாருக்கு ஒரு கண்ணு போயே போச்சு. கண்ணுல பிரஷராம். மதுரையில காட்டுனோம். போன பார்வை திரும்பாதாம். இன்னொண்ணு எம்புட்டு நாள் தாங்கும்னு சொல்ல முடியாதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக. என்னால இனிமே மறைக்க முடியல.”

உன் ஊரைப் பாக்கணும், உன் வீட்டைப் பாக்கணும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஹியர், லிசன் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிப்போட்டவர். மகளுக்கு அந்த வித்தியாசம் ஏறவில்லை.

6

இரண்டாவது தடவை கடிதத்தைப் பெனிட்டா எழுதினாள். தன் பரீட்சைக்குக்கூட அவ்வளவு கவனமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ‘விசிட்’ என்று எழுதினாள், ‘ஸ்டே’ என்று எழுதினாள். தாத்தாவுக்குச் சொந்த வீடு இருக்கிறது, ஊரில் சர்ச் இருக்கிறது, திரும்பிப் போவார் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். கண் விஷயத்தையும் மறைக்கவில்லை. அப்பா போனில் கேட்டுவிட்டு, “நல்லா எழுதியிருக்கா. கையெழுத்துப் போட்டுருதேன்” என்றார். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காஜா மைதீன் விரலை வைத்துக் காட்டினாராம்.

அதுவும் நிராகரிக்கப்பட்டது. முந்தைய விண்ணப்பத்தில் மகளோடு ‘லிவ்’ பண்ண விரும்புவதாகச் சொன்ன நீங்கள், இப்போது ‘ஸ்டே’ பண்ணுவதாக மட்டும் சொல்கிறீர்கள். இந்த மாற்றத்துக்கு விளக்கம் தரப்படவில்லை. இதுதான் முதல் காரணம்.

இந்த முறை பொய் சொல்லவில்லை. அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

“ரெண்டும் வேற வேறன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா? நல்ல இங்கிலீஷ் படிச்ச ஆளு.”

“அப்பா, சிரிக்காதீக.”

“பொறவு என்னட்டி செய்யச் சொல்லுத?”

பெனிட்டா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் மாத்தினதுனாலதான்” என்றாள். இல்லை என்றேன். மாற்றாமல் விட்டது நான், முதல் தடவை. அவள் கேட்கவில்லை. போனைப் பிடுங்கி, “தாத்தா, சாரி” என்றாள். “எதுக்குத் தாயி?” என்று அவர் கேட்டார். சொல்வதற்கு அவளிடம் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னாள். அவள் உச்சரிப்பின் வேகத்தில் அப்பாவுக்குப் பாதி பிடிபடவில்லை. “சரி தாயி, சரி தாயி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் போனை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசுவது குறைந்துபோயிற்று. வெட்கமா, வருத்தமா, தெரியவில்லை. கேட்டால், “ஹோம்வொர்க் இருக்கும்மா” என்கிறாள்.

7

போன ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். பெனிட்டா இந்த வருடம் பெரிய பரீட்சை, வரவில்லை என்றுவிட்டாள்.

அப்பா நன்றாகத்தான் இருந்தார். பார்த்த உடனே யாருக்கும் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான் ஒரு டம்ளரை எடுத்து இடம் மாற்றி வைத்தபோதுதான் தெரிந்தது. அவர் கை பழைய இடத்தில் போய்த் துழாவியது.

ஒருநாள் சொட்டு மருந்து வாங்க ராஜபாளையம் போய்விட்டு, மாலை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஜன்னல் பக்கம். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அவர் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. என்ன தெரிகிறது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. வேறொன்றைக் கேட்டேன்.

“அப்பா, அந்த மொத லெட்டர்ல ஏன் ‘லிவ்’னு போட்டீக?”

“ஏன், என்ன?”

“இல்ல... மறதியில வந்துருச்சா?”

சட்டென்று திரும்பினார். அடிபட்ட மாதிரி இருந்தது முகம்.

“ஏட்டி, வித்தியாசம் தெரியாமலா போட்டேன்னு நெனச்ச? முப்பத்திரெண்டு வருசம் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக் குடுத்தேன். ‘லிவ்’, ‘ஸ்டே’. வருசா வருசம் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்.”

“பொறவு?”

“ஸ்டேன்னா லாட்ஜுல தங்குறது. பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எப்பக் கெளம்பணும்னு பாத்துக்கிட்டே இருக்கிறது. மக வீட்டுல போயி எவனாவது ஸ்டே பண்ணுவானா? ரெண்டு நாளு இருந்தாலும் அது லிவ்தான். மூணு மாசம்னு தேதி போட்டுருக்கேன், பொறவென்ன? தெரிஞ்சேதான் போட்டேன்.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“அவிய அதை அப்படி எடுத்துக்கிடலயேப்பா.”

“அவிய எடுத்துக்கிட்டதும் சரிதான். நான் போட்டதும் சரிதான். அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?”

இரண்டு வருடமாக என் அப்பா ஒரு சொல்லில் தவறிவிட்டார் என்று அவருக்காகக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வங்கிக் காகிதம் என்றெல்லாம் கதை கட்டினேன். அவரானால் எழுதும்போதே இரண்டு சொல்லையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, தனக்கு எது வேண்டும் என்று தேர்ந்திருக்கிறார்.

“இன்னொருக்கப் போட்டுப் பாப்போம்ப்பா. வக்கீல் ஒருத்தர் இருக்காரு” என்றேன்.

“வேண்டாம். இனி வந்து நான் என்னத்தைப் பாக்க?” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கண்டக்டரிடம் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

8

இன்னொரு கண்ணில் மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாற்ற ஓர் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்று மதுரையில் சொன்னார்கள். நானும் அப்பாவும் காஜா மைதீனும் போனோம். டாக்டர் தேதி கொடுத்தார், அடுத்த செவ்வாய். என் விமானம் அதற்கடுத்த திங்கட்கிழமை.

படிவம் நிரப்புகிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகப் பேசுகிறவர்.

“கூட இருந்து பாத்துக்கிடுறது யாரு?”

“நான்தான். மக.”

“பேரு, அட்ரஸ் சொல்லுங்க.”

சொன்னேன். மடவார் வளாகத்து முகவரிதான் வாயில் வந்தது. எழுதிக்கொண்டார்.

“ஆபரேஷன் பெரிசில்ல. அதுக்குப் பொறவுதான் கவனம். மூணு மாசம் சொட்டு மருந்து தப்பக் கூடாது. வாரா வாரம் இங்க கூட்டிட்டு வரணும், அப்புறம் பதினஞ்சு நாளுக்கு ஒருக்க. மூணு மாசமும் நீங்க இருப்பீங்கல்ல?”

“இப்ப இருக்கேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இப்பன்னா? வந்திருக்கீங்களா, இங்கயே இருக்கீங்களா?”

குரலில் குற்றம் எதுவும் இல்லை. அவருக்கு ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள்தான் டெர்பிக்குப் பேசியிருந்தேன். இரண்டு வாரம் வேண்டுமானால் கூடுதலாகத் தரலாம், அதற்கு மேல் என்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மேலாளர் வருத்தத்தோடு சொல்லியிருந்தார். சாமுவேல் நான்கு நாள் சாலையில் இருப்பார். பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்பாதான் சொன்னார். “வந்திருக்கா. ஆபரேஷன் முடிஞ்சு ஆறு நாள் இருப்பா. பொறவு போயிருவா.”

“அப்ப வேற யாரு?”

“என் பேரைப் போட்டுக்கிடுங்க மேடம்” என்றார் காஜா மைதீன்.

“நீங்க இவருக்கு என்ன வேணும்?”

“சார்கிட்ட படிச்சவன்.”

“சொந்தம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன போட?” என்று அந்தப் பெண் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘தெரிந்தவர்’ என்று எழுதினார். என் பெயர் இருந்த வரியில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார். நேரான, சுத்தமான கோடு.

வெளியே வந்து மூன்று பேரும் டீ குடித்தோம். அப்பா காஜா மைதீனிடம் கடை வியாபாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் குடித்த டீயின் ருசி எனக்கு ஞாபகம் இல்லை.

9

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை கூடவில்லை, கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருப்பது போகாமல் இருந்தால் சரி. நடுவில் ஒரு சின்ன வட்டம் அளவுக்குத் தெரிகிறது என்கிறார். அதில் என்ன தெரிகிறது என்று கேட்டால், “எதுத்தாப்புல வர்றவன் மூக்கு” என்று சிரிக்கிறார்.

காலையிலும் மாலையிலும் காஜா மைதீன் வந்து மருந்து விடுகிறார். சில நாள் அவர் மனைவி வருகிறாள். இடையில் மத்தியானம் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அந்த இரண்டையும் அப்பா தானே விட்டுக்கொள்கிறார். நாலு மணி மருந்தின்போது எனக்குக் காலை பத்தரை. சாமான் அறைக்குள் போய் வீடியோவில் கூப்பிடுவேன். எத்தனை நாள் இப்படிக் கூப்பிட முடியும் என்று தெரியாது. மேலாளர் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார்.

நேற்றும் கூப்பிட்டேன். அப்பா போனை மேசைமேல் எதன்மீதோ சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார். குப்பியைத் தூக்கிப் பிடித்தார். கை லேசாக ஆடியது. ஒரு சொட்டு விழுந்தது. இமையில் பட்டு, கன்னத்தில் ஓடியது.

“விழுந்துச்சாட்டி?”

“இல்லப்பா. வெளிய போயிருச்சு. கொஞ்சம் வலது பக்கமாப் பிடிங்க.”

பிடித்தார். குப்பி இன்னும் விலகிப் போனது. என் திரையில் அவர் வலது எது, இடது எது என்று எனக்கே குழம்பிவிட்டது.

“இல்லப்பா, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

“மூக்குப் பக்கமா கொண்டு வாங்க. இன்னும். அம்புட்டுதான். அப்படியே.”

இரண்டாவது சொட்டு புருவத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டார். கதவுக்கு வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுப்பில் இருப்பதை இறக்க வேண்டும். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏதோ அதைப் பிடித்தால் அவர் கை ஆடாமல் இருக்கும் என்பது போல.

“இப்ப விழுந்துச்சா?” என்றார்.

“இல்லப்பா” என்றேன். “இன்னொரு சொட்டு விடுங்க.”

அவர் மறுபடியும் முகத்தை மேலே தூக்கினார்.